செல்போனுக்குள் ஒரு தகரப்பெட்டி! சாவி யார் கையில்?

ஊரை விட்டு மும்பைக்கு ரெயில் ஏறி வந்தவர்களின் கையில் ஒரு காலத்தில் தகரப்பெட்டி இருக்கும். துணிமணிகளுக்கு அடியில் பள்ளிக்கூட சர்டிபிகேட், ரேஷன் கார்டு, நிலப் பத்திரத்தின் நகல், கல்யாண போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கும். பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

இன்று அந்தப் பெட்டி செல்போனுக்குள் போய்விட்டது. ஆதார், பான் கார்டு, பாங்கி பாஸ் புத்தகம், சம்பளச் சீட்டு, ஊரில் இருக்கும் குழந்தையின் போட்டோ எல்லாம் அதற்குள்தான். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் தினமும் இதைப் பார்க்கிறோம். "அடையாள அட்டை எங்கே?" என்று கேட்டால், சட்டைப் பையில் இருந்து காகிதம் வருவதில்லை. போன்தான் வருகிறது.

இந்தப் பெட்டிக்கும் பூட்டு, சாவி உண்டு. ஆனால் திரையில் வரும் "அனுமதி" என்ற பொத்தானைத் தட்டும்போது, எந்தச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தனித்தனி கோலி

செல்போனில் நாம் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு ஆப்பும் பைல்களை எங்கே வைக்கிறது?

சால் கட்டிடத்தில் குடியிருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோலி. கோலிக்குத் தனிப்பூட்டு. வெளியே எல்லோருக்கும் பொதுவான நடை. ஆண்ட்ராய்டு போனும் அப்படித்தான். ஓர் ஆப் போனில் ஏறியதும் அதற்கென்று ஒரு தனி நம்பர் கொடுக்கப்படுகிறது. அந்த நம்பருக்கு மட்டுமே திறக்கும் தனி அறையும் ஒதுக்கப்படுகிறது. பாங்கி ஆப்பின் அறைக்குள் சீட்டாட்ட ஆப் எட்டிப் பார்க்க முடியாது.

கேமரா படங்கள், டவுன்லோட் செய்த பி.டி.எப். காகிதங்கள், பாட்டுகள் முதலியவை பொது நடையில் கிடக்கின்றன. வம்பு எல்லாம் இந்த நடையில்தான்.

ஐபோனிலும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறைதான். அங்கே பொது நடை என்பது மிகவும் குறைவு.

படிப்படியாக வந்த கட்டுப்பாடு

ஆரம்பத்தில், ஓர் ஆப்பைப் போனில் ஏற்றும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். இஷ்டம் இல்லை என்றால் ஆப் கிடையாது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 இதை மாற்றியது. தேவைப்படும் நேரத்தில், ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும் என்று ஆயிற்று.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. "ஸ்டோரேஜ்" என்று கேட்டதற்கு ஒரு தடவை சரி என்று தட்டினால், பொது நடை முழுவதும் அந்த ஆப்புக்குத் திறந்துவிடும். டார்ச் விளக்கு போடும் ஆப் கூட உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் படிக்க முடியும்!

2019-ல் ஆண்ட்ராய்டு 10 இதற்குக் கடிவாளம் போட்டது. 2020-ல் ஆண்ட்ராய்டு 11 அதை இறுக்கியது. ஓர் ஆப் தான் உண்டாக்கிய பைலைத் தாராளமாகக் கையாளலாம். பிறர் வைத்த பைலைத் தொடக்கூடாது. 2022-ல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது படங்களுக்கும் பாட்டுகளுக்கும் தனித்தனி அனுமதி என்று ஆனது. 2023-ல் ஆண்ட்ராய்டு 14, "நான் காட்டும் படங்களை மட்டும் பார்" என்று சொல்லும் உரிமையைத் தந்தது. ஐபோன்காரர்களுக்கு இந்த உரிமை 2020-லேயே கிடைத்துவிட்டது.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு ரெக்கார்டு அறை தெரியும். யாரும் உள்ளே புகுந்து துழாவ முடியாது. எந்த பைல் வேண்டும் என்று சொன்னால், ரெக்கார்டு கீப்பர் அதை மட்டும் எடுத்து வந்து கொடுப்பார். செல்போனிலும் அப்படி ஓர் ஏற்பாடு 2013-ல் இருந்தே இருக்கிறது. "பைலைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஒரு பட்டியல் விரிகிறதே, அதுதான் அது. நீங்கள் தொட்ட ஒரு பைல் மட்டும் ஆப்பின் கைக்குப் போகும். மற்றவை அதன் கண்ணில் படாது.

ஆகவே, ஒரு போட்டோவை வாங்கிக்கொள்வதற்கு எல்லாப் போட்டோக்களுக்கும் அனுமதி கேட்க வேண்டிய அவசியமே இன்று இல்லை. அப்படியும் ஓர் ஆப் பிடிவாதமாகக் கேட்டால், "ஏன்?" என்று நாம் கேட்க வேண்டும்.

கடன் ஆப்களின் தொல்லை

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதால் கண்ணீர் விட்டவர்கள் பலர். அவசரத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் என்று கடன் தரும் சில ஆப்கள், போனில் உள்ள டெலிபோன் நம்பர்களையும் படங்களையும் நகல் எடுத்துக்கொண்டன. தவணை தவறியதும் ஊரில் இருக்கும் மாமனாருக்கும், வேலை கொடுத்த முதலாளிக்கும் போன் போயிற்று. படங்களை ஆபாசமாக மாற்றி அனுப்புவோம் என்ற மிரட்டலும் வந்தது.

அங்கீகாரம் இல்லாத இத்தகைய ஆப்களைப் பற்றி ரிசர்வ் பாங்கி 2020 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. 2022 செப்டம்பரில் விதிமுறைகளையே வெளியிட்டது. கடன் ஆப்கள் போனில் உள்ள பைல்கள், படங்கள், நம்பர் பட்டியல், பேசிய அழைப்புகளின் விவரம் ஆகியவற்றைத் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை ஆளைச் சரிபார்ப்பதற்காக ஒரு முறை, அதுவும் சம்மதம் பெற்றே பயன்படுத்தலாம். கூகுள் நிறுவனமும் 2023-ல் தனது பிளே ஸ்டோரில் உள்ள கடன் ஆப்கள் படங்களையும் நம்பர்களையும் எடுக்கத் தடை விதித்தது.

ஆனால், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் "ஏ.பி.கே." பைலைத் தட்டினாலும் ஆப் போனில் ஏறிவிடும். அது பிளே ஸ்டோர் வழியாக வந்தது அல்ல. அந்தச் சோதனைகள் எதற்கும் உட்பட்டதும் அல்ல. ஒரு தடவை உங்கள் பைல் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போய்விட்டால், ஆப்பை நீக்குவதால் மட்டும் அது திரும்பி வராது. மிரட்டல் வந்தால் பயந்து பணம் கட்டாமல், அருகில் உள்ள போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள்.

ஆப் போனால் கணக்கும் போகும்

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஓர் ஆப்பைப் போனில் இருந்து நீக்கினால், அதன் தனி அறையும் அதோடு போய்விடும்.

கட்டிட வேலை மேஸ்திரி ஒருவர் தன் ஆட்களின் ஆறு மாத வருகைக் கணக்கை ஓர் ஆப்பில் எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "போனில் இடம் இல்லை" என்று மருமகன் அந்த ஆப்பை நீக்கிவிடுகிறான். கணக்கு ஆப்பின் அறையில் மட்டும் இருந்திருந்தால், அதோடு போயிற்று! யாருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி என்பதற்கு அத்தாட்சி இல்லை. அதே கணக்கை ஒரு பி.டி.எப். பைலாகப் பொது இடத்தில் சேமித்திருந்தால், ஆப் போனாலும் பைல் அங்கேயே இருந்திருக்கும்.

இடம் போதவில்லை என்றால் முதலில் "கேச்" என்பதை மட்டும் துடைத்தால் போதும். அது மறுபடியும் உண்டாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகச் சரக்கு. பக்கத்தில் இருக்கும் "டேட்டா" அல்லது "ஸ்டோரேஜ்" துடைக்கும் பொத்தானைத் தட்டினால், அறை முழுவதும் காலியாகிவிடும். இரண்டும் அருகருகே இருப்பதால் எச்சரிக்கை தேவை.

ஆப் எழுதும் பிள்ளைகளுக்கு

நம்முடைய பிள்ளைகள் பலர் இன்று ஆப் எழுதக் கற்கிறார்கள். அவர்கள் மனதில் வைக்க வேண்டியவை:-

* ஆப்பின் சொந்தக் குறிப்புகளை அதன் தனி அறையில் வையுங்கள். திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடியதைக் கேச்சில் வையுங்கள். ஜனங்கள் பாடுபட்டு எழுதிய கணக்கை, அவர்களே காட்டும் இடத்தில் சேமிக்க வழி செய்யுங்கள்.

* "எல்லா பைல்களுக்கும் அனுமதி" என்பதைக் கேட்காதீர்கள். பைல்களை ஒழுங்கு செய்யும் ஆப், வைரஸ் தேடும் ஆப் போன்ற சிலவற்றுக்கே அது தேவை. மற்ற ஆப்களை பிளே ஸ்டோர் தள்ளிவிடலாம்.

* பழைய பைலின் மேலேயே எழுதாதீர்கள். பாதியில் பேட்டரி தீர்ந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. புதிய பைலை முழுவதும் எழுதி முடித்து, பிறகு பழையதன் இடத்தில் வையுங்கள். லெட்ஜரில் புதுப் பக்கம் எழுதி முடிக்கும் வரை பழைய பக்கத்தைக் கிழிக்கக்கூடாது.

* பெரிய பைலைப் படிக்கும் வேலையைப் பின்னணியில் செய்யுங்கள். கவுண்டரில் இருப்பவரே ரெக்கார்டு அறைக்குப் போய்விட்டால் கியூ நகராது. விரல் தட்டியும் 5 வினாடிக்கு ஆப் பதில் சொல்லாவிட்டால், "ஆப் இயங்கவில்லை" என்று ஆண்ட்ராய்டு அறிவித்துவிடும்.

இன்றே செய்யலாம்

போனில் "செட்டிங்ஸ்" போய், தனியுரிமைப் பகுதியில் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். படங்களையும் பைல்களையும் எந்தெந்த ஆப் பார்க்கிறது என்பது அங்கே தெரியும். தேவையில்லாததை நிறுத்துங்கள். முக்கியமான காகிதங்களுக்கு இன்னொரு நகல் வேறு இடத்திலும் இருக்கட்டும். பென் டிரைவ் ஆனாலும் சரி, 2015-ல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் ஆனாலும் சரி. பழைய போனை விற்பதற்கு முன்பு, நகல் எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிடுங்கள்.

இதற்குப் பத்து நிமிடம் போதும். லீவு நாளில், உங்கள் அறையில் தங்கியிருக்கும் படிக்கத் தெரியாத பெரியவரின் போனையும் வாங்கி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் செய்து கொடுங்கள். அவருடைய பத்திரமும் அதற்குள்தான் இருக்கிறது.