டிடி எடுத்த காலமும் இஎம்ஐ காலமும்

எண்பதுகளில் பி.காம். முடித்துவிட்டு வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு மேலே படிக்க ஆசை வந்தால், கைக்கு எட்டியது அஞ்சல்வழிக் கல்விதான். 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிவைத்த முறை அது. தமிழ்நாட்டில் 1971இல் மதுரை, 1979இல் அண்ணாமலை, 1981இல் சென்னை என்று பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து அதைக் கையிலெடுத்தன. ப்ராஸ்பெக்டஸ் வாங்கிப் படித்து, வங்கியில் வரிசையில் நின்று டிடி எடுத்து, சான்றிதழ் நகல்களில் கெசட்டட் அதிகாரியின் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினால் சேர்க்கை முடிந்தது. பிறகு தபால்காரர் கொண்டுவரும் பாடப் புத்தகக் கட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். சில சமயம் அது தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னால்தான் வரும்.

கட்டணம் குறைவு. மற்ற செலவுகள் அப்படியல்ல. தொடர்பு வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடிக்க வேண்டும். தேர்வு மையம் வெளியூரில் விழுந்தால் லாட்ஜ் வாடகையும் விடுப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு தாள் போனால் அரியர் கட்டணம். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு தனிமை. சந்தேகம் கேட்க ஆள் இல்லாமல் பாதியில் நிறுத்தியவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். அவர்கள் கட்டிய பணமும் அந்தப் படிப்பின் விலையில் சேர வேண்டியதுதான், யாரும் சேர்த்ததில்லை.

மேலாண்மைப் படிப்பைத் தொலைதூரத்துக்குக் கொண்டுசென்றதில் இக்னோவுக்குத் தனி இடம் உண்டு. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த இந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1987இல் இரண்டே படிப்புகளோடு, 4,528 மாணவர்களோடு பாடம் நடத்தத் தொடங்கியது. அந்த இரண்டில் ஒன்று மேலாண்மைப் பட்டயம். பின்னர் வந்த எம்பிஏவுக்கு ஓபன்மேட் என்ற நுழைவுத் தேர்வு இருந்தது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட ஒரு தாளுக்கு 1,800 ரூபாய் வீதம் 21 தாளுக்கு 37,800 ரூபாயில் அந்தப் பட்டம் முடிந்தது. கையில் காசு இருக்கும் பருவத்தில் இரண்டு தாள், இல்லாவிட்டால் ஒன்று என்று எழுதிக்கொண்டு போகலாம். கடன் வாங்கத் தேவை இருக்கவில்லை.

இன்று அதே ஆசையோடு ஒருவர் கைபேசியில் 'ஆன்லைன் எம்பிஏ' என்று தட்டினால், அடுத்த அரை மணியில் 'கவுன்சலர்' அழைக்கிறார். தனியார் பல்கலைக்கழகங்களின் இணையவழி எம்பிஏ பெரும்பாலும் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வரை போகிறது. இக்னோவின் புதிய பாடத்திட்ட எம்பிஏ சுமார் 60,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. கவுன்சலர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டமாட்டார். அவர் காட்டுவது சென்னையிலோ பெங்களூருவிலோ பல லட்சம் கேட்கும் வளாக எம்பிஏவை. 'அதுல பாதிகூட இல்ல சார், மாசம் 7,500 ரூபாய்தான்' என்பார். 24 மாதம் பெருக்கிப் பார்த்தால் 1,80,000.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பார்ப்பது பயன்தரும். 2011இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி இணையவழி எம்பிஏவைத் தொடங்கியபோது விலை சுமார் 89,000 டாலர். வளாகப் படிப்பின் தரத்தில் கொடுக்கிறோம், அதே விலையை வாங்குகிறோம் என்பது அதன் வாதம். 2016இல் இல்லினாய் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தோடு சேர்ந்து சுமார் 22,000 டாலருக்கு எம்பிஏ கொடுத்தது. வணிகப் பள்ளிகளுக்கான ஏஏசிஎஸ்பி தரச்சான்று பெற்ற பள்ளி அது. கூட்டம் அந்தப் பக்கம் சாய, 2019இல் தன் முழுநேர வளாக எம்பிஏவையே நிறுத்துவதாக அந்தப் பள்ளி அறிவித்தது. அடுத்த ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகம் 24,000 டாலருக்கு வந்தது. விலையேறிய இணையப் படிப்புகளை நடத்திக்கொடுத்து, கட்டணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட 2யு நிறுவனம் 2024இல் திவால் பாதுகாப்புக் கோரியது.

ஆக, அங்கே இணையம் வந்து பட்டத்தின் விலையை இறக்கியது, இங்கே ஏற்றியது. காரணம் எளிது. அங்கே இணையம் வகுப்பறையின் இடத்தைப் பிடித்தது. இங்கே தபால்காரரின் இடத்தைப் பிடித்தது. ஏற்கெனவே மலிவாக இருந்த ஒன்றின்மேல் நேரலை வகுப்பு, பதிவுக் காணொளி, செயலி, கேமரா கண்காணிப்பில் தேர்வு ஆகியவை ஏறின. அவற்றுக்கு மதிப்பு உண்டு. வெளியூர் லாட்ஜும் அரைநாள் பேருந்தும் பலருக்கு ஒழிந்தன. ஆனால் கூடுதல் பணம் முழுவதும் பாடத்துக்குப் போவதில்லை. தேடுபொறி விளம்பரமும், அழைத்துக்கொண்டே இருக்கும் அந்தக் கவுன்சலரின் சம்பளமும் அதில்தான் அடக்கம்.

சட்டத்தின் கண்ணில் இந்த விலை வித்தியாசம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டமும் இணையவழிப் பட்டமும் கல்லூரியில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் திரும்பவும் தெளிவுபடுத்தியது. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது 60,000 ரூபாய்ப் பட்டத்துக்கும் இரண்டு லட்ச ரூபாய்ப் பட்டத்துக்கும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்க வேண்டும். தனியார் நிறுவனங்கள் வேறுவிதமாகப் பார்க்கலாம். ஆனால் அவை பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பெயரையும் உங்கள் அனுபவத்தையும்தான். எவ்வளவு கட்டினீர்கள் என்பதை அல்ல.

அன்று அங்கீகாரத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரே போதுமானதாக இருந்தது. தொலைதூரக் கல்விக் குழு 2013இல் கலைக்கப்பட்டு, கட்டுப்பாடு யுஜிசியிடம் வந்தபின் அந்தப் பழைய நம்பிக்கை ஆபத்தானதாகிவிட்டது. 2022 மார்ச்சில் யுஜிசி வெளியிட்ட அறிவிப்பு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு தன் ஒப்புதல் இல்லை என்றது. தலைமுறைகளுக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கே இந்த நிலை வந்தது என்றால், பார்க்க வேண்டியது பெயரை மட்டும் அல்ல என்பது புரியும். எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு, எந்த முறை என்ற மூன்றும் யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவின் பட்டியலில் பொருந்த வேண்டும். நாக் அமைப்பின் தர மதிப்பீட்டில் 4க்கு 3.01 எடுத்த பல்கலைக்கழகம் விண்ணப்பிக்கலாம் என்பது ஒரு நுழைவாயில். அதை வைத்து, குறிப்பிட்ட பிபிஏவுக்கு ஒப்புதல் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது சேரும் மாணவர் டெப் ஐடி என்ற அடையாள எண்ணையும் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதை உருவாக்கும்போதே பட்டியலையும் பார்த்துவிடுவது நல்லது.

அதன் பிறகுதான் விலை ஒப்பீடு. பருவக் கட்டணத்தோடு பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், அரியர் கட்டணம், பட்டச் சான்றிதழ்க் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதிக்கொள்ள வேண்டும். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ரசீதில் 18 சதவீதம் இருந்தால், வாங்குவது பட்டமா, ஏதோ ஒரு நிறுவனத்தின் சான்றிதழா என்று கேட்க வேண்டும். தவணை என்றால் கடன் யார் பெயரில், எந்த நிதி நிறுவனத்திடம் என்பதையும் படிக்க வேண்டும். அன்று பாதியில் நின்றவர் கட்டிய டிடியோடு போச்சு. இன்று பாதியில் நின்றாலும் மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும்.

புத்தகத்தை வைத்துத் தானே படித்துவிடுவேன் என்பவருக்கு இக்னோவோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ இன்றும் போதும். வாரம் இரண்டு வகுப்பு, கெடு, கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் இருந்தால்தான் முடிப்பேன் என்று தன்னைத் தெரிந்தவர் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. அப்போதும் வகுப்பு நேரலையா பதிவா, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். தபால் காலத்தின் தனிமைக்கு மருந்து கிடைத்திருப்பது உண்மையான முன்னேற்றம். அந்த மருந்தின் விலையைப் பெரும்பாலும் தனியாரே தீர்மானிப்பதுதான் குறை. அஞ்சல்வழியில் லட்சக்கணக்கானவர்களைப் படிக்கவைத்த நம் அரசுப் பல்கலைக்கழகங்கள் அதே எளிய கட்டணத்தில் நல்ல ஆசிரியர்களை இணையத்தில் உட்காரவைத்தால், இல்லினாய் அங்கே செய்ததை இங்கேயும் செய்துகாட்டலாம்.