முயலின் தாடையில் கட்டியா? மருந்துக்கடை மாத்திரை உயிரைக் குடிக்கும்!

சென்னை நகரில் மொட்டை மாடியிலும், வீட்டுத் தாழ்வாரத்திலும் முயல் வளர்ப்பவர்கள் பலர். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கி வந்து பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிறார்கள். அப்படி வளர்க்கும் முயலின் தாடையில் திடீர் என்று நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி!

தொட்டால் கெட்டியாக இருக்கும். முயல் கத்தாது, துள்ளாது. "கொழுப்புக் கட்டியா இருக்கும், தானாப் போயிடும்" என்று வீட்டில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அது சீழ்க்கட்டி. தானாகப் போகாது!

பற்பசை போன்ற சீழ்

மனிதனுக்குக் கட்டி வந்தால் பழுத்து உடையும். சீழ் வடிந்து ஆறிவிடும். முயல் சங்கதி வேறு. அதன் சீழ் இளகி ஓடுவது இல்லை. பற்பசை போல கெட்டியாக இருக்கும். சுற்றிலும் தடிப்பான உறை ஒன்று வளர்ந்துவிடும். மருந்து அந்த உறையைத் தாண்டி உள்ளே போவது கடினம்.

அதனால்தான் சும்மா கீறிப் பிதுக்கி விட்டால் பத்து நாளில் அதே இடத்தில் மறுபடியும் கட்டி வருகிறது. வீட்டில் பிதுக்கினால் உறை உள்ளேயே கிழிந்து, சீழ் சதைக்குள் பரவும் ஆபத்தும் உண்டு.

மூலம் பல்லில்!

இரண்டு முயல்கள் சண்டை போட்டுக் கடித்தாலும் கட்டி வரும். கூண்டுக் கம்பி குத்தினாலும் வரும். ஆனால் தாடையில், கண்ணுக்குக் கீழே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்லைத்தான்.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை நாள் பூராவும் அரைத்தால்தான் அவை தேயும். ரொட்டி, பிஸ்கட், கேரட் என்று செல்லம் கொடுத்தால் தேய்மானம் குறைந்து, பல் கோணலாக வளரும். வேர் தாடை எலும்பில் அழுந்தி சீழ் பிடிக்கும்.

வாயில் எச்சில் வடிவது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிவது, எடுத்த தீனியைக் கீழே போடுவது ஆகியவை அடையாளங்கள்.

பாதி மாத்திரை விபரீதம்

"அண்ணே, முயலுக்குக் கட்டி. ஏதாவது குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்பதும், "மனுசனுக்குக் குடுக்குறதுதான், பாதி குடு தம்பி" என்ற பதிலும்தான் பெரிய ஆபத்து.

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, விஷக் கிருமிகள் பெருகும். பேதி கண்டு சில நாளில் முயல் செத்துவிடும். கட்டியோடு பல வாரம் இருந்திருக்கக்கூடிய முயலை மாத்திரை முடித்துவிடும்!

ஆனால் பென்சிலினை ஊசியாகப் போடுவது உண்டு. குடலை அவ்வளவாகத் தாக்காது. அதுவும் டாக்டர் கையால், அவர் சொல்லும் அளவில்தான்.

ஆபரேஷன் எப்படி?

முதலில் தலையை எக்ஸ்ரே எடுத்து, பல்லும் எலும்பும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். முடிந்தால் கட்டியை உறையோடு முழுசாக அறுத்து எடுப்பார்கள். கெட்டுப்போன பல்லையும் பிடுங்குவார்கள். முழுசாக எடுக்க முடியாவிட்டால் புண்ணைத் திறந்தபடியே விட்டு, தினமும் கழுவி உள்ளிருந்து ஆறவைப்பார்கள். மருந்து வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் தொடரும். நடுவில் நிறுத்தினால் கட்டி திரும்பும். எலும்பு அரித்துப் போயிருந்தால் குணமாவது கஷ்டம்.

ஆபரேஷனுக்கு முன் நாய், பூனையைப் போல பட்டினி போடக்கூடாது. முயலுக்கு வாந்தி வராது. ஆனால் வயிறு காய்ந்தால் குடல் நின்றுவிடும். அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அவசரம்தான்.

திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். கொசுவலைக்குள் வைப்பது நல்லது.

வேப்பேரியில் சிகிச்சை

1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. அங்கே காட்டலாம்.

வாரம் ஒருமுறை முயலின் தாடையை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பட்டாணி அளவுக்குத் தட்டுப்பட்டாலும் பிதுக்காதீர்கள், மாத்திரை வாங்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்!