டர்போ தேய்ந்தால்... பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

புரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அத்திவா என நம் குடும்பங்கள் விரும்பி வாங்கும் கார்கள் பலவற்றில் இன்று டர்போ இருக்கிறது. சிறிய இயந்திரத்திலிருந்து பெரிய இழுவை கிடைக்கும் என்பதால் வாங்கும்போது மகிழ்ச்சிதான். உத்தரவாதக் காலம் முடிந்து, டர்போ தேய்ந்த பிறகுதான் கேள்வி எழுகிறது.

அண்மையில் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது. எங்கள் ஏழு இருக்கை கார் 160,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மேட்டில் இழுவை குறைந்தது. எண்ணெய் மிதியை அழுத்தினால் சைரன் போல ஓர் ஊளை. பின்னால் நீலப் புகை. வாரம் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது அந்தக் கார்தான். நடுவழியில் நின்றால் என்ன செய்வது?

பட்டறை அண்ணன் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் நடுத்தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார். “ஆட்டம் அதிகமா இருக்கு தங்கச்சி. புதுசுன்னா 4,200 வெள்ளி. ரீபில்ட் பண்ணா 1,600” என்றார்.

விலையைக் கேட்டதும் மலிவானதற்கே மனம் தாவும். ஆனால், அதற்கு முன் டர்போ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் அழுக்கானாலோ, எண்ணெய்க் குழாய் அடைத்தாலோ பேரிங் தேய்ந்துவிடும்.

“டர்போ தானா சாகுறது குறைவு. எது கொன்னுச்சுன்னு முதல்ல பார்க்கணும்” என்றார் அண்ணன். எங்கள் காரில் எண்ணெய் செல்லும் குழாய் கரி பிடித்துக் குறுகியிருந்தது. அதை மாற்றாமல் புத்தம்புது டர்போவைப் பொருத்தினாலும் அதுவும் விரைவில் போயிருக்கும்.

எப்போது ரீபில்ட் போதும்?

வெளிக்கூட்டில் விரிசல் இல்லை, சக்கர இறக்கைகள் உடையவில்லை, சுவரில் உரசிய தடம் இல்லை, தேய்ந்தது பேரிங்கும் சீலும் மட்டுமே என்றால் ரீபில்ட் தாராளமாகப் போதும். கார்ட்ரிட்ஜ் எனப்படும் நடுப்பகுதியை முழுதாக மாற்றிவிடலாம். ஆனால், சுழலும் பாகங்களை இயந்திரத்தில் வைத்து பேலன்ஸ் செய்தே ஆகவேண்டும். அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கை தரத் தயங்கும் கடை வேண்டாம்.

எப்போது புதிது?

இறக்கை உடைந்திருந்தாலோ, கூடு வெடித்திருந்தாலோ புதியதுதான் பாதுகாப்பு. உடைந்த துண்டுகள் இயந்திரத்துக்குள் போயிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பல டீசல் கார்களின் டர்போவுக்குள் அசையும் தகடுகள் இருக்கும். அவை இறுகிப்போயிருந்தால் ரீபில்ட் செலவும் கூடும், வேலையும் கடினம்.

மூன்றாவது வழி ‘ஹாஃப் கட்’ கடை. விலை குறைவு, ஆனால், அந்த டர்போ எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் பயணத்தை நினைத்து அதை நாங்கள் எண்ணவே இல்லை.

எங்கள் டர்போவின் இறக்கைகளும் கூடும் நல்ல நிலையில் இருந்தன. அதனால் ஆறு மாத உத்தரவாதத்துடன் ரீபில்ட் செய்தோம். மிச்சமான பணத்தில் எண்ணெய்க் குழாய், எண்ணெய், ஃபில்டர், கேஸ்கெட் எல்லாம் புதிதாக மாற்றினோம். இறக்கையில் சிறு உடைப்பு இருந்திருந்தாலும் கடன் வாங்கியாவது புதியதைத்தான் வாங்கியிருப்போம்.

கார் பட்டறையில் இருந்த நான்கு நாள்களும் அப்பாவை அண்ணன் தன் காரில் அழைத்துப் போனார்.

டர்போ கார் வைத்திருப்பவர்கள் குறித்த காலத்தில், உற்பத்தியாளர் சொன்ன தரத்தில் எண்ணெய் மாற்றுங்கள். கெந்திங் போன்ற மலை ஏறி நின்றவுடன் இயந்திரத்தை அணைக்காமல், ஓரிரு நிமிடம் ஓடவிட்டு டர்போவின் சூடு தணிந்த பிறகு அணையுங்கள். ஊளைச் சத்தம் கேட்டால், வானொலியின் ஒலியைக் கூட்டாமல் பட்டறைக்குப் போங்கள். வானொலியில் வேலை செய்யும் நானே சொல்கிறேன்!