போலீசும் பள்ளியும் ஒரே மேசையில்: டென்மார்க் காட்டும் வழி

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கு மட்டம் போடுகிறான். அது ஆசிரியருக்குத் தெரியும். இரவில் யாரோடு சுற்றுகிறான் என்பது போலீசுக்குத் தெரியும். வீட்டுக் கஷ்டம் சமூக நல அலுவலருக்குத் தெரியும். மூவரும் பேசிக்கொள்ளாவிட்டால், அவன் குற்றத்தில் சிக்கிய பிறகே எல்லாருக்கும் எல்லாம் தெரியவரும்.

இந்த இடைவெளியை அடைக்க டென்மார்க் 1970களில் உருவாக்கியதுதான் எஸ்.எஸ்.பி. பள்ளி, சமூக நலத் துறை, போலீஸ் மூன்றையும் சேர்த்த கூட்டமைப்பு. நாட்டின் 98 நகராட்சிகளில் பெரும்பாலானவற்றில் இது இயங்குகிறது.

போலீசிடம் சொன்னால் பையன் மாட்டிக்கொள்ள மாட்டானா? அதற்குச் சட்டமே பதில் சொல்கிறது. குற்றத் தடுப்புக்காக மூவரும் தகவல் பகிரலாம். வழக்கு விசாரணைக்காகப் பகிரக் கூடாது. ஆசிரியர் துணிந்து வாய் திறப்பது இந்த விதியால்தான்.

குடியிருப்போருக்கும் இதில் பங்கு உண்டு. லாப நோக்கற்ற வீட்டுவசதிச் சங்கங்களின் குடியிருப்புகளில் வாடகைதாரர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாடகையின் ஒரு பகுதி 1967இல் அமைந்த தேசியக் கட்டட நிதிக்குப் போகிறது. வீட்டுப்பாட உதவி, இளைஞர்களுக்குச் சிறு வேலைகள் எனப் பல திட்டங்களுக்கு அந்தப் பணம் திரும்பி வருகிறது. 1998 முதல் 'இரவுக் காகங்கள்' என்ற தன்னார்வலர்களும் மஞ்சள் அங்கியோடு மூவர் மூவராக வார இறுதி இரவுகளில் தெருவில் நடக்கிறார்கள். சண்டையில் தலையிடுவதில்லை, பெரியவர்கள் அருகில் இருப்பதே அவர்களின் பணி.

ஆனால் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வேறு திசையில் போனது. மேற்கத்தியர் அல்லாதோர் பாதிக்கு மேல் வாழ்ந்து, வேலையின்மை, குற்றத் தண்டனை போன்ற அளவுகோல்களிலும் ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய பகுதிகளில், சங்கங்களின் குடும்ப வீடுகளின் பங்கை 2030க்குள் 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது. இடிப்பும் விற்பனையும் வந்தன. கோபன்ஹேகனின் மியோல்னர்பார்க்கன் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். கூடிப் பேசி வளர்த்த நம்பிக்கையை இடிப்பு இயந்திரம் ஒரே நாளில் தகர்த்துவிடும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 1993இல் ராமநாதபுரத்தில் பிறந்த 'போலீஸ் நண்பர்கள்', பொதுமக்கள் போலீசுக்கு உதவ நல்ல எண்ணத்தில் தொடங்கிய திட்டம். அந்த நண்பர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்த சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பின் 2020இல் தமிழக அரசு அதைத் தடை செய்தது. நண்பர் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்ற கோடு தெளிவாக இல்லாத இடத்தில் நட்பும் அதிகாரமாகிவிடும். இத்தகைய திட்டத்தை மீண்டும் தொடங்க நினைப்பவர்கள் முதலில் அந்தக் கோட்டைச் சட்டத்தில் எழுதட்டும். சீருடையும் அடையாள அட்டையும் பிறகு வரட்டும்.