எந்த வகுப்பில் எந்தத் தேர்வு: மாங்காட்டுப் பெற்றோருக்கு

மாங்காடு 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. அதனால் சொத்து வரி என்ன ஆகும், குடிநீர் எப்போது வரும் என்பதையெல்லாம் டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குள் வந்த ஒரு மாற்றம் மட்டும் எந்த ரசீதிலும் இருக்காது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று உண்டு. ஆசிரியர்கள் 'டிரஸ்ட்' தேர்வு என்பார்கள். ஒவ்வொரு வருவாய் மாவட்டத்திலும் 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் தருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: பள்ளி ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ இருக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் படிப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. பேரூராட்சியாக இருந்தவரை மாங்காட்டுப் பள்ளிக்குத் திறந்திருந்த கதவு, விதிப்படி, நகராட்சி ஆனதோடு மூடிக்கொண்டது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருக்கும் பள்ளிகளுக்கு அது இன்னும் திறந்திருக்கிறது.

ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும் என்று சொல்லலாம். எனக்கு அந்தப் பணத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறு. பதினான்கு வயதில் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழகுவதற்கு அது ஒரு நல்ல ஒத்திகை. அது போய்விட்டால் மற்ற கதவுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும் பள்ளிச் செய்திகளில் அந்தத் தகவல் கிடைக்காது. பொன்னாடை இருக்கும், கேடயம் இருக்கும், தலைமை ஆசிரியரும் பி.டி.ஏ. தலைவரும் இருப்பார்கள். அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் விண்ணப்பித்தது, படிவத்தை யார் நிரப்பினார்கள், எந்த மாதத்தில் என்ற விவரங்கள் மட்டும் இருக்காது. பக்கத்து வீட்டுப் பெற்றோருக்கு வேண்டியவை அந்த விவரங்கள்தான்.

முதலில் எட்டாம் வகுப்பு. தேசிய வருவாய் வழி மற்றும் தகுதித் தேர்வு, வழக்கில் 'என்.எம்.எம்.எஸ்.', எட்டாம் வகுப்பில் எழுத வேண்டியது. 2008-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி மாணவர்கள் எழுதலாம். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5 சதவீதம் தளர்வு. குடும்ப வருமான வரம்பு மூன்றரை லட்சம். இங்கே நகராட்சியா ஊராட்சியா என்ற கேள்வியே இல்லை. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000.

வினாத்தாள் இரண்டு பகுதி. மனத்திறன் பகுதியில் 90 கேள்விகள், பாடப் பகுதியில் 90 கேள்விகள். மனத்திறன் என்றால் எண் வரிசையில் அடுத்தது எது, கண்ணாடியில் இந்த உருவம் எப்படித் தெரியும், இந்த நான்கில் பொருந்தாதது எது என்ற வகை. இதை வகுப்பில் யாரும் தனிப்பாடமாக நடத்துவதில்லை. ஓர் ஆசிரியர் மனம்வைத்து மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்தப் பள்ளியில் பத்துப் பேர் தேறுகிறார்கள். உட்காராவிட்டால் ஒருவரும் இல்லை. பிள்ளைகளின் மூளையில் இருக்கும் வித்தியாசத்தைவிட அந்த அரை மணி நேரத்தின் வித்தியாசம் பெரிது என்பது என் எண்ணம்.

வென்ற பிறகும் பணத்தை இழக்க வழிகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதத்துக்குக் குறைந்தால் நின்றுவிடும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55. தனியார் பள்ளிக்கு மாறினாலும் நின்றுவிடும். எல்லாவற்றையும்விட அடிக்கடி காலை வாரிவிடுவது பெயர். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பணம் கணக்குக்கு வராது. ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையில் இதைச் சரிசெய்துவிட்டால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு நிம்மதி.

பிளஸ் ஒன் வந்தால் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 2022-ல் தொடங்கியது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாதி இடம். மறு பாதிக்கு மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் போட்டியிடலாம். பாடம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். 2023-ல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் சேர்ந்துகொண்டது. இது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். 500 மாணவர், 500 மாணவியருக்கு இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடங்களிலிருந்து கேள்விகள் வரும்.

தேர்வு என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு 'இன்ஸ்பயர் மானக்' விருது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்துவது. ஆறாம் வகுப்பு முதல் யார் வேண்டுமானாலும் ஒரு யோசனையைத் தரலாம்: அம்மா தினமும் படும் ஒரு சிரமத்தைத் தீர்க்கும் கருவி என்றாலே போதும். பள்ளி அதில் நல்லவற்றைப் பொறுக்கி இணையத்தில் ஏற்ற வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் கணக்கில் விழும். தேசிய அளவில் முன்னணியில் வந்தவர்களில் சிலர் 'சகுரா' அறிவியல் பரிமாற்றத்தில் ஜப்பான் போய்வந்திருக்கிறார்கள். மார்க் குறைவாக வாங்கும் பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு என்பதால், வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுத் திட்டு வாங்கும் பையனுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு இன்னும் சில வழிகள் பள்ளிக் கல்வித் துறையில் உண்டு. 2022 நவம்பரில் வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்கள் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கும் துபாய்க்கும் போனார்கள். அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி உடன் சென்றார். அடுத்த ஆண்டு ஒரு குழு ஜப்பான் போனது. பள்ளியில் நடக்கும் சிறார் திரைப்பட மன்றம், இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம் ஆகியவையும் கலைத் திருவிழாவும் இதற்கான படிக்கட்டுகள். மன்றம் என்றதும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கழிக்கும் வேலை என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. அந்தக் கடைசி பீரியடில் தொடங்கிய சிலர்தான் விமானம் ஏறினார்கள்.

கலைத் திருவிழா 2022-23-ல் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புகளுக்காகத் தொடங்கி, பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. பேச்சு, கவிதை, ஓவியம், களிமண் சிற்பம், பறை, நாட்டுப்புற நடனம் என்று பட்டியல் நீளும். பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம் வழியாக மாநிலம் வரை படிகள். மாநில வெற்றியாளர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். பெயர்ப் பதிவை ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் செய்வார்; அங்கே பெயர் ஏறாத பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் அடுத்த படிக்குப் போக முடியாது.

மாங்காட்டுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் வட்டம். பக்கத்திலேயே இருக்கும் காட்டுப்பாக்கமும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஒரே தெரு நண்பர்கள் இருவரில் ஒருவன் மாங்காட்டிலும் மற்றவன் பூந்தமல்லியிலும் படித்தால், இருவரும் வேறு வேறு மாவட்டத்துக்காகப் போட்டியிடுவார்கள். எந்த மாவட்டம் என்பதை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை, பள்ளி இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. மாவட்டப் போட்டி காஞ்சிபுரத்தில் என்றால் காலை ஆறு மணிக்கே பூந்தமல்லியில் பஸ் பிடிக்க நிற்க வேண்டியிருக்கும். பறையைத் தூக்கிக்கொண்டு என்றால் வேன்தான். அந்தச் செலவை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி வைப்பது நல்லது.

மேற்குச் சென்னையில் பள்ளிச் சாதனை என்றால் இப்போது சதுரங்கம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன குகேஷ் மேல் அயனம்பாக்கத்தில் உள்ள ஒரு வேலம்மாள் பள்ளியின் மாணவர்; பிரக்ஞானந்தா முகப்பேர் வேலம்மாள். பெருமைதான். ஆனால் குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு வழக்கம்போல் தினமும் வகுப்புக்குப் போனவரில்லை. அப்பா மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். அந்த வெற்றியில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு அட்மிஷன் விளம்பரத்தைப் படிக்கலாம்.

அட்மிஷன் என்றதும் சொல்லியாக வேண்டியது ஒன்று. எட்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளி, ஒன்பதிலிருந்து மெட்ரிக் என்று மாற்றும் வழக்கம் இந்தப் பக்கம் நிறைய. மருத்துவப் படிப்பில் 2020-லும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடம் உண்டு. ஒன்பதில் வெளியேறியவருக்கு இல்லை. அந்த ஒரு டி.சி.யோடு என்.எம்.எம்.எஸ். பணமும் போகும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் போகும். மாற்ற வேண்டிய காரணம் இருந்தால் மாற்றுங்கள். எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இனி சுற்றுலா. வெளிநாடு போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு நாள் கல்விச் சுற்றுலாதான். தனியார் பள்ளிகளில் அது பெரும்பாலும் தீம் பார்க் என்று ஆகிவிட்டது. தண்ணீரில் விளையாடுவது தப்பில்லை, ஆனால் அதைக் 'கல்வி' என்று சுற்றறிக்கையில் எழுதிப் பணம் வாங்குவது எனக்கு உறுத்துகிறது. மாங்காட்டிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவற்றைப் பாருங்கள்.

செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அடையாறு கடலுக்கு எப்படிப் போகிறது, 2015 டிசம்பர் முதல் நாள் இரவில் மதகைத் திறந்தபோது கரையோர வீடுகளுக்கு என்ன ஆனது என்பதை இங்கிருந்து தொடங்கினால் புவியியல் பாடம் பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும். நீர்வளத் துறை அளவுகோலில் நீர்மட்டத்தைப் படிக்கவும், மறுநாள் நாளிதழில் வரும் எண்ணோடு ஒப்பிடவும் செய்தால் கணக்குப் பாடமும் சேர்ந்துவிடும்.

இன்னொரு பக்கம் பல்லாவரம். 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் அங்கே செம்மண் சரளைக் குழியிலிருந்து ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அதே ஆண்டு கொற்றலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்திலும் அவர் கருவிகளைக் கண்டார். தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள். ஃபுட் சேர்த்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திருவள்ளூர் தாண்டி பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் நீர்த்தேக்கமும் அருகருகே. ஒரே நாளில் வரலாறும் நீரியலும் முடிந்துவிடும், கட்டுச்சோறு சாப்பிட நிழலும் இருக்கும்.

மழை நாளென்றால் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், அதன் பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம்.

ஒப்புதல் கடிதம் வீட்டுக்கு வரும்போது கையெழுத்துக்கு முன்னால் நாலு விஷயம் கேளுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வாங்கியாகிவிட்டதா? மாணவியர் இருந்தால் ஆசிரியைகள் எத்தனை பேர் போகிறார்கள்? வண்டியின் தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்கின்றனவா? ஏரி, கடல், அருவி இருந்தால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவார்களா, இறங்கினால் கரையில் யார் நிற்பார்கள்? பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் கையெழுத்தை ஒரு நாள் தள்ளிப்போடலாம். பணம் கட்ட முடியாததால் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் மட்டும் பின்தங்குகிறார்கள் என்றால், அதையும் பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். ஏரிக்கரைக்குப் போகும் வேன் வாடகையில் இரண்டு பேர் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வது ஆளுக்கு ஐந்து, பத்து ரூபாய்க்கு மேல் வராது.