தேய்ந்த காசுக்கு என்ன விலை?

மண்ணில் கிடைத்தாலும் பரணில் கிடைத்தாலும் அவசரம் வேண்டாம்!

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ளது தேர்வாய் கண்டிகை. அங்கே தொழிற்பேட்டைக்காக மண்ணை வெட்டினார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்துக்காகவும் வெட்டினார்கள். அந்த நீர்த்தேக்கம் 2020-ம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இப்படி மண் வெட்டும் இடத்தில் பச்சை பிடித்த செப்புக்காசு ஒன்று தட்டுப்பட்டால் என்ன செய்வது? அதில் எழுத்து தெரியவில்லை. படமும் பாதி தேய்ந்துவிட்டது.

பலரும் உடனே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். காசு பளபளக்கும். ஆனால் மிச்சம் இருந்த எழுத்தும் போய்விடும். அதோடு அதன் மதிப்பும் போய்விடும்!

பழங்காசைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, மண் போனதும் நிழலில் உலரவிட்டால் போதும்.

மறைந்த எழுத்து தெரியும்

இருட்டான அறையில் காசை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். மறைந்த எழுத்தும் தலை காட்டும்.

அடுத்தது எடை. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். குறுக்களவையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். காந்தத்தில் ஒட்டினால், அது பொன்னும் அல்ல, வெள்ளியும் அல்ல, செம்பும் அல்ல.

கப்பல் ஏறி வந்த காசு

தேர்வாய் கண்டிகைக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் அங்கே 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். காசு அச்சடிக்கும் அக்கசாலையும் நடத்தினார்கள்.

18-ம் நூற்றாண்டில் ஹாலந்திலிருந்தும் செப்புக்காசுகள் கப்பலில் ஆசியாவுக்கு வந்தன. அவற்றுக்கு 'டூயிட்' என்று பெயர். இன்றைய ஒரு ரூபாய்க் காசின் அளவுதான் இருக்கும். எடை சுமார் 3 கிராம்.

இதை அடையாளம் காண்பது எளிது. ஒரு பக்கத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்து பெரிதாக இருக்கும். அதன் இடது காலில் 'ஓ', வலது காலில் 'சி' பின்னியிருக்கும். அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. கம்பெனி 1602-ல் பிறந்து 1799-ல் மறைந்தது. ஆகவே வருஷம் தேய்ந்திருந்தாலும் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

மறுபக்கத்தில் சிங்கம் நின்றால் ஹாலந்து மாகாணம். அலையிலிருந்து சிங்கம் எழுந்தால் சீலாந்து மாகாணம்.

பழசு எல்லாம் லட்சமா?

இல்லை! வயதை மட்டும் வைத்து விலை வருவதில்லை. எத்தனை காசுகள் மிஞ்சியிருக்கின்றன, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வாங்க ஆள் உண்டா என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. டூயிட்டுகள் ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. தேய்ந்த சாதாரணக் காசுக்குச் சேகரிப்போர் தருவது பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள்தான்.

இது தெரியாதவர்களைத் தேடித்தான் மோசடிக்காரர்கள் வருகிறார்கள். அனுமார் படமும் 1818 என்ற வருஷமும் போட்ட 'கம்பெனி அரையணா' லட்சக்கணக்கில் போகும் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை!

"உங்கள் காசுக்குப் பெரும் தொகை தருகிறோம்; முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்பது இன்னொரு தந்திரம். இதை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021-ல் எச்சரித்தது. காசை விற்பவர் பணம் வாங்க வேண்டுமே தவிர, கொடுக்கக் கூடாது!

சட்டம் என்ன சொல்கிறது?

பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த காசு வேறு. மண்ணில் கிடைத்த காசு வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தவர் தமக்கு வரவேண்டிய பங்கையும் இழப்பார். 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே பெரிய சேகரிப்பு உண்டு. குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டலாம். அங்குள்ள காசுகளைப் பார்த்த கண்ணுக்கு வீட்டுக் காசின் அடையாளமும் புலப்படும்.

பழைய சாமான் கடையில் செம்பு விலைக்குப் போட்டால் இந்தக் காசுக்குச் சில ரூபாய்தான் கிடைக்கும். கடல் கடந்து வந்த அதன் கதையும் அத்தோடு உருகிப்போகும்.