பழைய கணினியும் புதிய வரைகலை அட்டையும்

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட், ரப்பர்த் தோட்டங்களால் பெயர் பெற்ற ஊர்; துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊருமாகும். ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டும் முறையை அவ்வூர் முதியோர் நன்கறிவர். நல்லினத்து மொட்டினை வேறொரு கன்றின் தண்டில் வைத்துக் கட்டுவர். வேர் வலிதாயின் ஒட்டு தழைக்கும். வேர் நலிந்ததாயின் மொட்டு எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை. பழைய மேசைக் கணினியில் புதிய வரைகலை அட்டையைப் பொருத்துவதும் இத்தகையதே.

வரைகலை அட்டை என்பது யாது? கணினி எதனையும் எண்களாகவே கொள்ளும். அவ்வெண்களைத் திரையிற் புள்ளிகளாக்கி, எழுத்தும் படமுமாகக் காட்டுவதே இவ்வட்டையின் தொழில்.

இதன் வரலாறு மொழியோடு தொடர்புடையது. 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட கணினியின் ஒருநிற அட்டையில் எழுத்துகளின் வடிவங்கள் முன்னரே பதிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலம் தெளிவாகத் தோன்றும், பிற எழுத்துகளுக்கு இடமில்லை. வண்ண அட்டையோ புள்ளி குறைந்தது. வான் சுவன்னுக்குல் என்பார் தம் ஆய்வேட்டினைத் தாய்லாந்து எழுத்தில் எழுத விரும்பி, 1982இல் 720க்கு 348 புள்ளிகள் கொண்ட ‘எர்குலிஸ்’ அட்டையை ஆக்கினார். தமிழுக்கும் இதே இடர் இருந்தது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை 1985இல் உருவாக்கிய காலம் அது. 1987இல் 640க்கு 480 புள்ளி காட்டும் விஜிஏ முறை வந்தது. ‘ஜிபியு’ என்னும் பெயரை என்விடியா நிறுவனம் 1999இல் பரப்பியது.

இனி, பத்தாண்டு பழகிய கணினிக்கு அட்டை வாங்குமுன் ஆராய வேண்டியவை நான்கு.

முதலாவது, பொருத்துவாய். 2004ஐ ஒட்டி வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் வாய் இருத்தல் வேண்டும். அதன் பழைய பதிப்பிலும் புதிய அட்டை பெரும்பாலும் இயங்கும்; விரைவு சிறிது குறையலாம். அதற்கு முந்திய ஏஜிபி வாயில் இவ்வட்டை நுழையாது.

இரண்டாவது, மின்சாரம். அவ்வாய் தரக்கூடியது 75 வாட்டு மட்டுமே. ஆறு முள் இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு முள் இணைப்பு 150 வாட்டும் தரும். அலுவலகங்களிலிருந்து கைமாறி வரும் கணினிகள் பலவற்றில் இவ்விணைப்புகள் இரா. அவற்றிற்கு 75 வாட்டுக்குள் அடங்கும் அட்டையே தக்கது. மின்வழங்கியின் ஆற்றலை மிஞ்சினால், வேலை மிகும்போது கணினி தானே அணைந்துவிடும்.

மூன்றாவது, இடம். மெலிந்த பெட்டிக்கு உயரங்குறைந்த அட்டையே பொருந்தும். அளந்து பார்த்தே வாங்குக. நான்காவது, திரை. பழைய திரையில் நீலநிற விஜிஏ இணைப்பு மட்டுமே இருப்பின், எச்டிஎம்ஐ வாயுடைய புதிய அட்டைக்கு மாற்றுக்கருவி தேவைப்படும்.

பொருத்தும் முறை கடினமன்று. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்குக. அட்டையை வாயில் நேராக அழுத்தித் திருகாணியால் இறுக்குக. திரைக்கம்பியைப் புதிய அட்டையிலேயே செருகுக; தாய்ப்பலகையில் செருகிவிட்டு ‘அட்டை பழுது’ என்று மயங்குவோர் உளர். இறுதியில் அதற்குரிய இயக்கியை நிறுவுக.

எனினும், அட்டையே தேவைதானா? தமிழ் தட்டெழுதவும், வினாத்தாள் ஆயத்தம் செய்யவும், இணையத்தில் பாடம் காணவும் செயலியினுள் அமைந்த வரைகலையே போதும். அங்கே கணினி தளர்ந்தால் குறை பெரும்பாலும் நினைவகத்திலோ சுழலும் வட்டிலோ இருக்கும். சுழல்வட்டை நீக்கித் திண்மவட்டு இடுவது, குறைந்த வெள்ளியில் மிகுந்த பயன் தரும். காணொளி தொகுத்தல், முப்பரிமாணப் படம், விளையாட்டு ஆகியவற்றிற்கே தனியட்டை இன்றியமையாதது.

மற்றொன்றும் கருதத்தக்கது. விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. எத்துணை விலையுயர்ந்த அட்டையும் அக்குறையைத் தீர்க்காது. அத்தகைய கணினிக்கு விலையின்றிக் கிடைக்கும் லினக்சு ஒரு வழியாகும். தமிழும் அதில் நன்கு தோன்றும்.

ஆகவே, பிள்ளையின் படிப்பிற்கெனச் சேர்த்த வெள்ளியை அட்டையிற் செலவிடுமுன், பெட்டியைத் திறந்து பார்த்தல் நலம். வேரை ஆராய்ந்த பின்னரே ஒட்டுக் கட்டுதல் அறிவுடைமை.